பம்ப் சுவிட்சில் என் பூட்டு

ஜூன் 3, திங்கள்

பம்ப் கத்துகிறது. மூன்று நாளாக முனகிக்கொண்டிருந்தது, இன்று காலை கத்தல். இரும்பை இரும்பு தின்கிற சத்தம். அப்பா வீட்டு நீச்சல் குளத்தில் நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றபடி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"பேரிங் போச்சு."

"ஆளைக் கூப்பிடட்டுமா?"

"எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

குளத்தின் நீளத்தைப் பதினைந்து தடவை தண்ணீருக்குள் நடந்தார். பிப்ரவரியில் பக்கவாதம் வந்ததிலிருந்து தரையில் இடது கால் அவர் சொன்னதைக் கேட்பதில்லை. தண்ணீரில் கேட்கிறது. இடது கை எங்கேயும் கேட்பதில்லை. இந்தக் கோடைக்குள் எவ்வளவு மீள்கிறதோ அவ்வளவுதான் என்று தெரபிஸ்ட் என்னிடம் தனியாகச் சொன்னாள். அப்பாவுக்கும் தெரியும். தனியாகச் சொல்வதெல்லாம் இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பம்ப் நின்றால் இந்த வெயிலில் மூன்று நாளில் தண்ணீர் பச்சை. பச்சைத் தண்ணீரில் அவரை இறக்க முடியாது.

ஜூன் 4

நின்றுவிட்டது. காலை ஆறு இருபதுக்கு. கத்தலே தேவலை.

ஜூன் 5, புதன்

யெசெனியா வந்தாள். பள்ளியில் எனக்கு இரண்டு வருடம் முன்னால் படித்தவள். இப்போது எங்கள் பகுதியில் பாதி வீட்டுக் குளங்கள் அவள் பொறுப்பு. முழங்கைவரை வெயிலில் கருத்து, கையுறை மறைத்த இடம் மட்டும் வெளுப்பு.

பம்பை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த ஃபில்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இடுப்புயர இரும்புத் தொட்டி. கீழ்ப்பாதி, மேல்மூடி, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடுவில் ஒரு எஃகுப் பட்டை, அதற்கு ஒரே ஒரு போல்ட். எனக்கு நாலு வயதாகும்போது வாங்கியது. அவள் நகத்தால் பட்டையைச் சுரண்டினாள். துரு செதில் செதிலாக விழுந்தது.

"பம்ப் கிடக்கட்டும், தோன் ஹெனாரோ. இதைப் பாத்தீங்களா?"

"தினமும் பாக்குறேன்."

"தண்ணி தள்ளுற தள்ளுக்கு இந்தப் பட்டை ஒண்ணுதான் மூடியைப் பிடிச்சு வெச்சிருக்கு. புது பம்ப் இன்னும் பலமா தள்ளும். பட்டை விட்டுச்சுன்னா மூடி கூரைக்கு மேல போகும். பக்கத்துல நிக்கிறவங்க தலையும் கூடவே போகும்."

"இருபத்து மூணு வருஷமா போகல."

"ரெண்டையும் மாத்துறதுன்னா நாளைக்கே வரேன். பம்ப் மட்டும்னா என் கை இதுல படாது."

"உன் கை வேண்டாம்மா. எனக்கே ஒரு கை இருக்கு." வலது கையைத் தூக்கிக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரித்துக்கொண்டார்.

வாசலில் யெசெனியா என்னிடம்: "நீ படிச்சவதானே. சொல்லிப் பாரு."

என்ன படித்தேன்? நாவல்களில் மௌனம் என்று மூன்று வருடம் ஓர் ஆய்வு. பாதியில் நிற்கிறது. மௌனமாக இருக்க நன்றாக வரும்.

ஜூன் 7, வெள்ளி

கடையில் வாங்கிய புது பம்பை அப்பாவே மாட்டினார். அவருடைய இடது கையாக நான்.

"பிடி. திருப்பு. அப்படி இல்ல மிஹா! அது மணிக்கட்டா, டோர்ட்டியா ரொட்டியா?" மிஹா என்றால் மகள்.

சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம் மெக்கானிக். வீட்டளவு சக்கரம் வைத்த லாரிகளைப் பிரித்துப் போட்டுச் சேர்த்தவர். ஒரு தோட்டத்து பம்ப் அவருக்கு எம்மாத்திரம்? நிழலிலேயே நூற்றெட்டு டிகிரி. ஸ்பானர் கையைச் சுட்டது. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை பார்த்தார். பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவை.

இதை எழுதியே ஆக வேண்டும்: எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

ஓட்டிப் பார்க்கும்போது என்னை ஃபில்டர் பக்கத்தில் நிறுத்தினார். அவர் சுவிட்ச் அருகில்.

"பிரஷர் முள்ளைப் பாத்துச் சொல்லு."

பழைய பம்பில் பதினான்கில் நிற்கும் முள். "பதினெட்டு... இருபது... இருபத்திரண்டு, அப்பா."

"பரவால்ல."

பட்டைக்கு அடியில் ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று.

ஜூன் 8

சொட்டு நிற்கவில்லை. அப்பா ரப்பர் சுத்தியலால் பட்டையைச் சுற்றிலும் தட்டினார். போல்ட்டை அரைச் சுற்று இறுக்கினார். நின்றது.

"பாத்தியா?"

எல்லாம் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது.

பிறகு தேடிப் படித்தேன். தட்டி உட்கார வைப்பது சரியான முறைதானாம். ஆனால் பம்பை நிறுத்தி, மேலே இருக்கும் காற்றுத் திருகைத் திறந்துவிட்டு. ஓடும்போது செய்தால் — இரண்டு வரிதான் படித்தேன். மூடிவிட்டேன்.

காலையில் பதினைந்து நீளம். கடைசி இரண்டு, சுவரைப் பிடிக்காமல்.

ஜூன் 10, திங்கள்

மறுபடி சொட்டு. மறுபடி சுத்தியல். முள்ளருகே என் இடம். முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறேன், முகம் மட்டும் தப்பித்தால் போதும் என்பதுபோல.

"அப்பா, நிறுத்திட்டுத் தட்டலாமே."

"நிறுத்தினா எங்க ஒழுகுதுன்னு எப்படித் தெரியும்?"

பதில் தயாராக இருக்கிறது, எப்போதும்.

மதியம் கராஜில் டேப் தேடும்போது அவருடைய சுரங்கப் பெட்டி கிடைத்தது. தலைக்கவசம், கையுறை, சிவப்புப் பூட்டுகள் ஏழெட்டு. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை.

எழுத்துப் படிக்கும் முன்பே எனக்குத் தெரிந்த சட்டம் இது. இயந்திரத்துக்குள் கை வைப்பதற்கு முன் அதன் சுவிட்சை இறக்கி உன் பூட்டைப் போடு. சாவி உன் பையில். பத்துப் பேர் வேலை செய்தால் பத்துப் பூட்டு. கடைசி ஆள் தன் பூட்டைத் தானே எடுக்கும்வரை அது ஓடாது. அடுத்தவன் பூட்டை யாரும் தொடக்கூடாது, மேனேஜர் உட்பட. பூட்டு தொங்கினால் உள்ளே ஓர் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

அப்பாவோடு சுரங்கத்தில் வேலை செய்த தாச்சோ மாமா ஒருநாள் கல் உடைக்கும் இயந்திரத்துக்குள் இருந்தார். ஷிஃப்ட் முடிந்தும் ஒரு பூட்டு தொங்குவதைப் பார்த்து, யாரோ மறந்துபோய் வீட்டுக்குப் போய்விட்டான் என்று நினைத்தான் ஒருவன். பூட்டை வெட்டி, சுவிட்சைத் தூக்கினான். அப்பா இதை ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார். மிச்சத்தைச் சொல்லவில்லை.

முப்பத்தொரு வருடம் பூட்டுப் போட்ட மனிதர். எங்கள் பம்புக்கு ஏன் போடவில்லை? வீடு என்பதாலா? குளம் என்றால் பிறந்தநாள், தர்பூசணி, நனைந்த துண்டு. அவருக்கு அது இயந்திரமாகவே படவில்லை.

பழைய தொட்டி, பழைய உடம்பு என்று எழுத வருகிறது. வேண்டாம். தொட்டி தொட்டிதான்.

ஜூன் 11, செவ்வாய்

செய்துவிட்டேன்.

அவர் எழுந்திருக்கும் முன் பம்பின் சுவிட்ச் பெட்டியைத் திறந்து கைப்பிடியைக் கீழே இறக்கினேன். துளையில் அவருடைய சிவப்புப் பூட்டு. எழுதாத அட்டை ஒன்றில் பெரிய எழுத்தில் என் பெயர்: நயேலி. சாவி என் பையில்.

ஆறு மணிக்கு நீச்சல் கால்சட்டையோடு, நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். பார்த்தார். அட்டையைப் படித்தார்.

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்லப்பா."

"உள்ள யாரு இருக்கா?" சுரங்கத்தில் கேட்கிற கேள்வி. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"நான்."

"நீ இங்க நிக்கிறியே."

"தினம் முள்ளைப் பாக்க என்னை எங்க நிறுத்தினீங்களோ, அங்க."

திரும்பிப் போய்விட்டார். துண்டு நாற்காலியிலேயே கிடக்கிறது.

ஜூன் 12

பீன்ஸைத் தனியாகச் சாப்பிட்டார். தட்டைத் தானே கழுவினார், ஒற்றைக் கையால். தண்ணீர் கலங்கல்.

ஜூன் 13, வியாழன்

படிகளில் பச்சை.

நடைவழியில் நடந்து பார்த்தார். இடது கால் கம்பளத்தில் இழுபட்டது. நாலாவது அடியில் சுவரோடு சரிந்தார். ஓடினேன்.

"தொடாதே."

நான் என்ன பண்ணிட்டிருக்கேன்? தலை போகும்னு பயந்து காலை எடுத்துட்டேனா? அந்த மூடி போகாமலே இருந்திருக்கலாம். இன்னும் இருபத்து மூணு வருஷம் அப்படியே இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? யெசெனியாவுக்கும் நிச்சயமாத் தெரியாது.

அவளுக்குப் போன் செய்தேன். "அவரைக் கேக்காம வந்து மாத்திடு."

"மாட்டேன். வீடு அவருது. அவர் வாயால சொல்லணும்."

"அவர் சொல்ல மாட்டார்."

"அப்ப பூட்டை எடுக்காத."

ஜூன் 14

சாவியை மூன்று தடவை வெளியே எடுத்தேன். மூன்று தடவை உள்ளே வைத்தேன்.

ஜூன் 15, சனி

கராஜிலிருந்து ஏதோ தரையில் இழுபடும் சத்தம். ஜன்னலில் பார்த்தேன். கம்பி வெட்டும் பெரிய கத்தரியை நடைச்சட்டத்தில் மாட்டி, பின்பக்கம் போய்க்கொண்டிருந்தார். அந்த முப்பதடிக்குப் பத்து நிமிடம் ஆனது. நான் அடுக்களையை விட்டு நகரவில்லை. அவர் வெட்டினால் வெட்டட்டும் என்று இருந்தேனா, வெட்ட மாட்டார் என்று இருந்தேனா?

அந்தக் கத்தரிக்கு இரண்டு கை வேண்டும்.

ஒரு பிடியைச் சுவரோடு அழுத்தி, மறுபிடியை வலது கையால் தள்ளிப் பார்த்தார். நழுவியது. மறுபடி. நழுவியது. அப்புறம் கூப்பிட்டார்.

"நயேலி! இந்தப் பக்கத்தைப் பிடி."

போனேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"என் பூட்டுப்பா. நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்."

"வம்பு பண்ணாத."

"தாச்சோ மாமா பூட்டை வெட்டினவன் என்ன சொன்னான்? யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்கன்னுதானே?"

சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகத்தில் சரியாக இருந்த பாதியும் விழுந்தது. கத்தரியைச் சுவரில் சாய்த்தார். பூட்டின் அட்டை காற்றில் திரும்பியிருந்தது. பெயர் தெரிகிற மாதிரி அதை விரலால் திருப்பி வைத்தார். உள்ளே போனார்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பச்சைத் தண்ணீரில் ஒரு தேனீ சுற்றிக்கொண்டே இருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

தந்தையர் தினமாம். மாச்சாக்கா என்கிற உலர்ந்த மாட்டிறைச்சியும் முட்டையும் செய்து அவர் கதவருகே கொண்டுபோனேன். உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஹெனாரோ பேசுறேன்... ஆமா... தொட்டியை மாத்தணும், சுவிட்சையும் தள்ளி வைக்கணும்... ரெண்டும்னு சொன்னேன்ல?... சிரிக்காத, பொண்ணே."

தட்டு ஆறிய பிறகுதான் கதவைத் தட்டினேன்.

ஜூன் 18, செவ்வாய்

யெசெனியா புதுத் தொட்டியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தாள். பழையதில் கை வைக்கப் போனவளை அப்பா நிறுத்தினார்.

"உன் பூட்டு எங்க?"

"அதான் நயேலி பூட்டு தொங்குதே."

"அது அவ உசுருக்கு. உன்னுதுக்கு?"

தன்னிடம் இருந்த ஒன்றைக் கொடுத்தார். அவள் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டிவிட்டு மாட்டினாள். காற்றுத் திருகைத் திறந்தாள். உள்ளே அழுத்தம் ஏதும் இல்லை, ஒரு பெருமூச்சுகூட வரவில்லை. போல்ட்டில் ஸ்பானரை வைத்து அரைச் சுற்று. அவ்வளவுதான்.

டக்.

பட்டை அறுந்து காலடியில் விழுந்தது.

"கன்னி மரியே," என்றாள் யெசெனியா.

அப்பா கை நீட்டினார். கொடுத்தாள். அறுந்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். அகலம் முழுக்கப் பழைய துரு, காப்பி நிறம். ஓரத்தில் ஒரு தீக்குச்சி அளவுக்கு மட்டும் புது இரும்பு மின்னியது. அந்தத் தீக்குச்சிதான் இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்தது.

"எந்தப் பக்கம் இது?"

யெசெனியா காட்டினாள். பிரஷர் முள் இருந்த பக்கம். என் பக்கம்.

கவிழ்த்து வைத்த வாளியில் மெல்ல உட்கார்ந்தார்.

"நயேலி," என்றார். மிஹா இல்லை. பட்டைத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, மூடி பறந்திருந்தால் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்று பார்ப்பவர்போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார். யெசெனியா பழைய தொட்டியைக் கழற்றத் தொடங்கினாள்.

ஜூன் 22

தண்ணீர் தெளிந்தது. அப்பா இறங்கினார். நான்கு நீளம், சுவரைப் பிடித்துக்கொண்டே. தண்ணீரில் இறங்காத பதினோரு நாள் காலுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

நான் எண்ணுவதைப் பார்த்தார். "எண்ணாத," என்றார். மனதுக்குள் எண்ணினேன்.

ஜூலை 2, செவ்வாய்

நேற்று சாயங்காலம் இந்தக் கோடையின் முதல் மழை. அதற்கு முன் புழுதிக்காற்று. மெஸ்கீட் மரத்துக் காய்களெல்லாம் குளத்தில். காலையில் பம்பில் குப்பை சேரும் கூடையைச் சுத்தம் செய்யச் சுவிட்சை இறக்கிவிட்டு மூடியில் கை வைத்தேன்.

"ஏய்! பூட்டு எங்க?"

அடுக்களை வாசலில் நின்றிருந்தார். நான் என் பூட்டை எடுத்து மாட்டினேன். அவர் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். சுண்டுவிரலில் அவருடைய பூட்டு தொங்கியது.

"நீங்க கை வைக்கலையே. உங்களுக்கு எதுக்குப் பூட்டு?"

"பக்கத்துல நிக்கப் போறேனே."

ஒற்றைக் கையால் துளையைத் தேடி மாட்ட நாலு நிமிடம் ஆனது. ஒரு தடவை கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரே சட்டத்தைப் பிடித்துக் குனிந்து எடுத்தார். கடைசியில் க்ளிக்.

கூடையைக் கொட்டினேன். மூடினேன். காற்றுத் திருகைத் திறந்துவைத்தேன். முதலில் என் பூட்டைக் கழற்றினேன், பிறகு அவர் அவருடையதை.

"இப்ப அங்க போய் நில்லு. இன்னும் தள்ளி. வாசப்படிக்கு."

சுவிட்சை அவரே தூக்கினார். அது இப்போது தொட்டியிலிருந்து பத்தடி தள்ளி, வேறு சுவரில். முள்ளைப் படிக்கக் கண்ணைச் சுருக்கினார்.

"பன்னெண்டா, பதினஞ்சான்னு தெரியலையே."

"கண்ணாடி போடுங்கப்பா."

"கண்ணாடி உள்ள இருக்கு."

"நான் கிட்டப் போய்ப் பாக்கட்டுமா?"

"நில்லு அங்கயே!"

காற்று சீறி முடிந்து திருகில் தண்ணீர் எட்டிப் பார்க்கும்வரை இருவரும் நின்ற இடத்தில் நின்றோம். அப்புறம் அவரே போய் அதை மூடினார். முள்ளைக் கிட்டப் பார்த்துச் சொன்னார்: பன்னிரண்டு.

இன்று ஒன்பது நீளம்.