செவ்வொளியில் நீங்கள் சொல்லாத வலி

அண்ணே,

இன்று காலை மேசை இழுப்பறையில் பஞ்சு தேடியபோது உங்கள் கறுப்புக் கண்ணாடி கையில் பட்டது. செவ்வொளி கண்ணில் அடிக்காமலிருக்க எல்லோருக்கும் மாட்டிவிடுகிற சாதாரணக் கண்ணாடிதான். இதில் மட்டும் தளர்ந்துபோன ரப்பர் பட்டையைப் பச்சை நூலால் இழுத்துக் கட்டியிருக்கிறது. "புதுசு தர்றேண்ணே" என்று நான் சொன்னபோது, "இது நல்லாத்தான இருக்கு, எதுக்கு வீசணும்?" என்று என்னிடம் நூல் வாங்கி நீங்களே போட்ட முடிச்சு. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. கண்ணாடியைத் துடைத்து மேசைமேல் வைத்தேன். வெளியே காத்திருந்தவர்களைப் பார்த்து அனுப்பிவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதுகிறேன்.

நீங்கள் முதன்முதலாக வந்தது ஒரு மழைநாள். போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் என் ஒற்றை அறைப் பிசியோதெரபி நிலையத்துக்கு மூன்று படி ஏற வேண்டும். மதினி கையை நீட்டினார், நீங்கள் பிடிக்கவில்லை. சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறி வந்து, நாற்காலியில் முதுகு சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம். பனிமலைகளில் சுமை தூக்கியே இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ஊர் திரும்பி, குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் பார்க்கத் தொடங்கிய பிறகு வலிக்கு மருந்துக்கடை மாத்திரைதான் கதி. அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது, இனித் தொடவே கூடாது என்று தேனியில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாத்திரையை நிறுத்திய பத்தே நாளில் தோட்டத்துக்குப் போவதும் நின்றுவிட்டது.

"கூட வேலை பாத்த கூட்டாளி ஒருத்தன் போன்ல அனுப்பியிருந்தான் ஆத்தா. வெளிநாட்டுல எங்கள மாதிரி ஆளுகளுக்குச் செவப்பு லைட்டு அடிச்சு வலியக் கொறைக்கிறாங்களாம். ஒங்கிட்ட அது இருக்குன்னாக. இருக்கா?"

இருந்தது. வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"இருக்குண்ணே. ஆனா தேஞ்ச மூட்ட அது திருப்பிக் கொண்டாராது. வீக்கமும் வலியும் கொஞ்சம் கொறையலாம். சில பேருக்கு ஒண்ணுமே கேக்காது. கூடவே நான் சொல்ற பயிற்சியும் செய்யணும். ஆறு வாரம் பாப்போம். கேக்கலைன்னா நானே நிறுத்திருவேன்."

நீங்கள் மதினியைத் திரும்பிப் பார்த்தீர்கள். "கேக்காதுன்னும் சொல்லுது பாரு. இங்கனயே வருவோம்."

மதினி என்னைத் தனியாக அழைத்து, "ஏம்மா, வெளிய போர்டுல மட்டும் செவப்பு வெளக்குன்னு எழுதிராத. ஊருல வேற மாதிரி பேசுவாக" என்றார். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பார்த்திருப்பீர்களே, போர்டில் 'செவ்வொளி சிகிச்சை' என்றுதான் எழுதினேன்.

வாரத்துக்கு மூன்று நாள் வந்தீர்கள். முதல் நாள் விளக்கைப் போட்டு அறை முழுக்கச் சிவந்தபோது உங்கள் தோள் இறுகியது. பயமா என்று கேட்டேன். "பயமில்ல. மேல பனிமலைக் காவல் போஸ்ட்டுல டார்ச்சுக்குச் செவப்புக் காயிதம் ஒட்டித்தான் வச்சிருப்போம். வெளிச்சம் தூரத்துக்குத் தெரியக் கூடாதுல்ல. வீட்டுக் கடுதாசியெல்லாம் அந்த வெளிச்சத்துலதான் வாசிச்சது" என்றீர்கள். அதற்குமேல் பட்டாளத்தைப் பற்றி நீங்களாக ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

வருகிற எல்லோரிடமும் கேட்பதைத்தான் உங்களிடமும் கேட்பேன். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து, இன்றைக்கு எத்தனை? நீங்கள் எப்போதும் "ரெண்டு" என்பீர்கள். படி ஏறும்போது உதடு கடித்த தடம் மாறாமல் இருக்கும், வாய் "ரெண்டு" என்று சொல்லும். நானும் அட்டையில் இரண்டு என்று எழுதிக்கொள்வேன். மனதுக்குள் ஐந்து என்று வைத்துக்கொள்வேன். அதோடு என் கெட்டிக்காரத்தனம் முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

ஆறாவது வாரம் நடந்ததை மறக்க மாட்டேன். பயிற்சி முடிந்து கிளம்பியவர், மேசைப் பக்கம் நின்று, "ஆத்தா, இங்க பாரு" என்றீர்கள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, குத்துக்காலிட்டே உட்கார்ந்துவிட்டீர்கள். ஏலக்காய் செடியின் அடியில்தான் காய்க்கும். குத்துக்காலிட முடியாதவனுக்குத் தோட்டம் இருந்தும் இல்லாத மாதிரிதான் என்று நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள். மதினி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார். எழுந்திருக்க மட்டும் என் கை தேவைப்பட்டது. அந்த ஒரு தடவை பிடித்துக்கொண்டீர்கள்.

விளக்கு பாதி, நீங்கள் விடாமல் செய்த பயிற்சி பாதி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அடுத்த வாரம் ஜீப்பில் தோட்டத்துக்குப் போய் வந்து, ஒரு பை நிறையப் பச்சைக்காய் கொண்டுவந்து கொடுத்தீர்கள். உங்களைப் பார்த்து இன்னும் மூன்று பட்டாளத்துக்காரர்கள் வந்தார்கள். இரண்டு பேருக்குக் கேட்டது. மூன்றாமவருக்குக் கொஞ்சமும் கேட்கவில்லை. சொன்னபடி நிறுத்தி, எலும்பு டாக்டரிடம் அனுப்பினேன். "ஒளிவுமறைவு இல்லாத புள்ள" என்று அவரிடம் என்னைப் பற்றிச் சொன்னீர்களாம். ஒளிவுமறைவு உங்களிடம் இருந்தது அண்ணே. நான்தான் பார்க்கவில்லை.

கட்டிலில் படுங்கள் என்றால் படுக்க மாட்டீர்கள். நாற்காலி போதும் என்பீர்கள். பட்டாளத்து வழக்கம் என்று விட்டுவிட்டேன். ஒருநாள், ஏதோ இப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல, "இந்த லைட்ட முதுகுலயும் கொஞ்சம் காட்டேன்" என்றீர்கள்.

"முதுகு எப்பயிருந்துண்ணே வலிக்குது?"

"ரெண்டு நாளாத்தான். உர மூட்டையத் தூக்கினேன், பிடிச்சிக்கிருச்சு."

நம்பினேன். நான்கு முறை முதுகுக்கு ஒளி கொடுத்தேன். நான்காவது முறை சட்டையை மேலே தூக்கியபோது இடுப்பு வாரில் இறுக்கிக் கட்டுவதற்காக ஆணியால் குத்திய புது ஓட்டை இரண்டு இருந்ததைக் கண்டேன். விளக்கைப் போட்டுவிட்டு வெளியே வந்து மதினியிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நாலு மாசமா அவுக படுக்கிறதே இல்லம்மா. நாக்காலியிலயே ஒக்காந்து தூங்குறாக. ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எம்மேல சத்தியம் வாங்கிட்டாக."

உள்ளே வந்து விளக்கை அணைத்தேன். நேரம் முடியவில்லையே என்றீர்கள்.

"இனிமே முதுகுக்கு லைட்டு கெடையாதுண்ணே. நாளைக்கே மதுரைக்குப் போயி ஸ்கேன் எடுங்க."

"தோட்டத்துல சோலி கெடக்கு. காய் எடுப்பு முடியட்டும்."

"நாளைக்கு. காலை மொத பஸ்ஸுல. நீங்க போகலைன்னா இந்த ரூமுக்கு இனி வராதீங்க."

உங்களுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒருநாள்தான். "நீயும் எல்லாரையும் மாதிரி தள்ளிவிடத்தான பாக்குற" என்றீர்கள். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, செருப்பைச் சரியாக மாட்டாமலே படி இறங்கினீர்கள். ஆனால் மறுநாள் பஸ் ஏறினீர்கள்.

புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவி நாளாகிவிட்டது என்று மதினி போனில் சொன்னார். நோய் இருக்குமோ என்று சந்தேகப்படும் இடத்தில் ஒளி காட்டக் கூடாது என்பது நான் படித்த பாடம். சந்தேகம் வந்திருக்க வேண்டியது எனக்கு. மதுரைக்குப் போய் உங்கள் டாக்டரை நேரில் பார்த்தேன். இதை உங்களிடம் நான் சொன்னதில்லை. நான்கு முறை காட்டினேன், அதனால் கூடியிருக்குமா என்று கேட்டேன். அதனால் எதுவும் மாறியிருக்காது, நான் அனுப்பியிருக்காவிட்டால் நீங்கள் இன்னும் வந்திருக்கவே மாட்டீர்கள் என்றார். அவர் அவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் அந்த நான்கு நாளை என்னால் முழுதாகக் கழுவ முடியவில்லை.

குரங்கணி வீட்டுக்கு உங்களைப் பார்க்க வந்தது அடுத்த வாரம். அதற்குள் மதுரையில் கதிர் சிகிச்சை தொடங்கியிருந்தது. "அதுவும் லைட்டுதானாம் ஆத்தா, கண்ணுக்குத் தெரியாத லைட்டு" என்று சிரிக்கப் பார்த்தீர்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

"ஏண்ணே சொல்லல? நாலு மாசம்! எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்று கத்திவிட்டேன். வயதில் மூத்தவர், நோயாளி என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை.

பிறகு, மதினி அடுப்படிக்குப் போனதும், சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

"ஒரே ஒருக்க சொன்னேன் ஆத்தா. மேல பனியில இருந்தப்ப. முட்டி வீங்கிப் போச்சு. தாங்க முடியலன்னு சொன்னேன். சரி, இவன் சொமைய எடுத்து இன்னொருத்தங்கிட்டக் குடுன்னாக ஆபீசருக. கூட ஒரு ஆந்திராக்காரன் இருந்தான். நல்ல பய. 'நான் கொண்டாறேன், நீ முன்னாடி போ'ன்னான். ரெண்டு ஆள் சொமை. சறுக்குற எடம். நான் திரும்பிப் பாக்கயில அவன் நின்ன எடத்துல ஆளக் காணோம்."

"வலிக்குதுன்னு சொன்னது நானு" என்றீர்கள்.

மதினிக்குக்கூட இது தெரியாது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். முப்பது வருடம் அதைச் சுமந்துகொண்டு, தேய்ந்த முழங்காலுக்கு இரண்டு என்றும், புற்று அரிக்கும் முதுகெலும்புக்கு இரண்டு நாள் என்றும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். உங்களிடம் அதை எத்தனை பேர் சொல்லியிருந்தாலும் உதவாது என்று தோன்றியது. அதனால் வேறொன்று சொன்னேன்.

"இப்ப நீங்க சொல்லாட்டித்தான் அடுத்தவங்க சொமக்குறாங்கண்ணே. மதினியும் நாலு மாசமாத் தூங்கல. நீங்க நாக்காலியில ஒக்காந்திருந்தா அவுக மட்டும் படுத்துருவாகளா?"

அதுவரை அது உங்களுக்குத் தெரியாது. அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். மதினி காபி கொண்டுவந்து வைத்தார். டம்ளரை எடுக்காமல், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, "ஒம்போது" என்றீர்கள்.

"என்னது ஒம்போது?" என்றார் மதினி.

"வலி. ஒம்போது இருக்கும்."

மதினி தரையில் உட்கார்ந்து அழுதார். நான் அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் வலி நிவாரணப் பிரிவுக்கு எழுதிக்கொடுத்தார். சிறுநீரகத்தைப் பார்த்து, அதற்கேற்ற மருந்தாக, அளவாக ஆரம்பித்தார்கள். ஐந்தாம் நாள் மதினி அழைத்து ஒரே வரிதான் சொன்னார்: "படுத்துத் தூங்குறாகம்மா." பகல் பதினொரு மணி. பின்னால் உங்கள் குறட்டை எனக்கே கேட்டது.

அதன்பிறகு கிடைத்தது பத்து மாதம். முழங்காலுக்கும் இனி ஒளி வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால், ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப் பிடித்து வந்து கையாலேயே கால்களை மடக்கி நீட்டிவிடுவேன். நீங்கள் எண்ணைச் சரியாகச் சொல்லப் பழகியிருந்தீர்கள். நான்கு, ஆறு, ஒருநாள் நிஜமாகவே இரண்டு. அந்த ஆந்திராக்காரரைப் பற்றி மதினியிடமும் சொன்னீர்கள். அவர் பெயரைச் சொல்லிக் கோயிலில் விளக்குப் போட வேண்டும் என்றார் மதினி. இருவரும் போய் வந்தீர்கள். கடைசி மாதம் ஜீப்பில் ஏற்றித் தோட்டத்தின் விளிம்புவரை கொண்டுபோனோம். இறங்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "செடிக்கு நெழல் கூடிப்போச்சு, கெளையக் கொஞ்சம் கழிக்கணும்" என்று மரங்களைக் காட்டி டிரைவரிடம் சொன்னீர்கள். தை மாதத்தில் ஒரு விடியற்காலை, மல்லாந்து படுத்தபடி, தூக்கத்திலேயே போனீர்கள். மதினி பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அதற்காக அவர் வருத்தப்பட்டபோது, அண்ணனுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும் என்றேன்.

போன வாரம் பொட்டிபுரம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அவரும் பட்டாளத்தில் இருந்தவர். தோளுக்கு ஒளி வேண்டும் என்றார். வெரசாப் போட்டு விடு, பஸ்சு போயிரும் என்றார். நான் விளக்கைத் தொடவில்லை. கூட வந்திருந்த அவர் மனைவியை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, வீட்டில் எப்படித் தூங்குகிறார், சாப்பிடுகிறார், சட்டை தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இப்போது யார் வந்தாலும் இதை முடிக்காமல் சுவிட்சில் கை வைப்பதில்லை. அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சிலது சொன்னார். முதலில் தேனிக்குப் போய் ஸ்கேன் படம் எடுத்து வாருங்கள் என்று எழுதிக்கொடுத்தேன்.

லைட்டு அடிக்க வந்தவனை ஊர் சுற்ற அனுப்புகிறாள் என்று அவர் சத்தம் போட்டுவிட்டுத்தான் போனார். போகட்டும் அண்ணே. திட்டு வாங்கப் பழகிவிட்டேன். நாளைக்குப் படத்தோடு அழைத்து வருவதாக அவர் மனைவி சொல்லியிருக்கிறார். காலையில் முதல் ஆளாக அவர்களைத்தான் பார்க்கப் போகிறேன்.