பேர் கேட்காத பேருந்துகள்

மார்ச் 4
கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போன். கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமாம், அடுத்த வியாழன். "நீ வராட்டியும் பரவாயில்லடி," என்றாள். அக்கா அப்படிச் சொன்னால் வந்தே ஆகவேண்டும் என்று அர்த்தம்.

மார்ச் 5
எப்படிப் போவது? எந்த ரயில் டிக்கெட்டுக்கும் அடையாள அட்டை கேட்கிறார்கள். இப்போது தொலைதூரப் பேருந்துக்கும் அட்டை. அந்த ஆளின் தம்பி டிக்கெட் அலுவலகத்தில் இருக்கிறான்; அட்டை காட்டி எடுக்கும் டிக்கெட் எல்லாம் பேரோடு அவன் லிஸ்டில் வந்துவிடும். அந்த ஆள் என்றால் என் புருஷன். வேறு மாதிரி எழுதக் கை வரவில்லை. பிரிந்து வந்தபின் ஒரே ஒரு முறை ரயிலில் அக்காவைப் பார்க்கப் போனேன். இறங்கினால் அந்த ஆள் என் பெட்டிக்கு நேராக நிற்கிறான், வரவேற்க வந்தவன் மாதிரி. போர்ட்டர் ஒருவர் குறுக்கே புகுந்திருக்காவிட்டால் — வேண்டாம். அதன் பிறகுதான் ஊரையே மாற்றினேன். பகலிலும் கதவைத் தாழ்போட்டே இருக்கிறேன்.

"தப்பு பண்ணாதவங்க அட்டை காட்ட எதுக்குப் பயப்படணும்?" என்கிறார் சூப்பர்வைசர். நான் என்ன தப்பு பண்ணேன்? கூடப் பொறந்தவளைப் பார்க்கப் போறது தப்பா?

மார்ச் 6
பக்கத்து மிஷின்காரிக்கு நாங்கள் வைத்த பேர் ரேடியோ. வாய் ஓயாது. இன்று அந்த வாய்க்குச் சர்க்கரை போடலாம். "டவுன் பஸ்ல யாரு கார்டு கேக்குறா? ஒண்ணு மாத்தி ஒண்ணு ஏறிப் போயேன்!"

மார்ச் 12
போய்ச் சேர்ந்துவிட்டேன்! இடுப்பு கழன்றுவிட்டது. எத்தனை பஸ் மாறினேனோ, எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: "எங்கம்மா இறங்கணும்?" ஓரிடத்தில் அடுத்த பஸ் கிளம்பிவிட்டது. நான் இறங்கிய பஸ்ஸின் கண்டக்டர் படியில் நின்று விசில் ஊதி அதை நிறுத்தினார். "ஓடுங்க, ஓடுங்க!" என் பேர் தெரியாமலே எனக்காக விசில் ஊதிய மனிதர் நன்றாக இருக்கட்டும்.

கூத்து ஆஸ்பத்திரி வாசலில்தான். யார் என்று கேட்டதும் பழக்கதோஷத்தில் ஒரு பொய்ப் பேரைச் சொன்னேன். அக்காவோ என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து வேறொரு பொய்ப் பேரைக் கொடுத்து வைத்திருக்கிறாள். "அந்தப் பேர்ல வந்தாதான் விடுவேன்," என்று காவலுக்கு இருந்த அம்மா மறித்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வழியாக வந்த நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த மூக்கு ஒண்ணு போதும்மா. உள்ள இருக்குறவங்களுக்கும் இதே மூக்குதான். விடுங்க."

சின்ன வயதில் இந்த மூக்குக்காக எவ்வளவு கேலி கேட்டிருப்பேன்!

மார்ச் 13
அக்கா கண் விழித்தாள். "வந்துட்டியாடி." போதும்.

மார்ச் 18
பத்திரமாகத் திரும்பிவிட்டேன். அத்தான் போன் பண்ணினார். ஆபரேஷன் விஷயம் சொந்தக்காரர்கள் வழியாக அந்த ஆள் காதுக்கும் போயிருக்கிறது; எந்த ஆஸ்பத்திரி என்பது மட்டும் தெரியாது. "ரெண்டு நாள் ரயில்வே ஸ்டேஷன்லயே நின்னிருக்கான். லிஸ்டுல அவ பேரே இல்லையேன்னு தம்பிகிட்ட போன்ல கத்துனானாம். அங்க நிக்கிற ஆட்டோக்காரர் சொன்னார்." கேட்டதும் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன். பிறகு விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஏப்ரல் 9
டவுன் பஸ்ஸுக்கும் அட்டை வரப்போகிறதாம். ரேடியோ செய்தி. சோறு இறங்கவில்லை.

மே 2
டவுன் பஸ் கூட்டத்தில் யாரிடம் போய் அட்டை கேட்பது என்று கைவிட்டுவிட்டார்களாம். நெரிசலே, உனக்கு ஒரு கும்பிடு. இனிமேல் என் காலை யார் மிதித்தாலும் திட்டமாட்டேன்.

ஜூன் 20
மத்தியானம் கதவு தட்டும் சத்தம். ஜன்னல் இடுக்கில் பார்த்தால் — அக்கா! நான் போன வழியிலேயே பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். இந்த வீட்டுக்குள் அவள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. பர்ஸிலிருந்து கசங்கிய டிக்கெட்டுகளை எடுத்து மேஜையில் பரப்பினாள். ஊர் இருந்தது, கட்டணம் இருந்தது. பேர் இல்லை.

"வழியில யாராவது ஏதாவது கேட்டாங்களாக்கா?"

"கேட்டாங்களே."

"என்ன கேட்டாங்க?" அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஜன்னலோரம் வேணுமான்னு கேட்டாங்க."

இருட்டும் வரை பேசிக்கொண்டிருந்தோம். விளக்குப் போட எழுந்தபோதுதான் பார்த்தேன், கதவு அகலத் திறந்து கிடந்தது.