எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது

தோவாளை
8 ஜூலை 1955

என் அன்பு மகள் குளோரிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் இந்த வரியை எழுதும் நேரம் வரைக்கும் நான் சுகமாக இருக்கிறேன், நீயும் உன்னோடு விடுதியில் இருக்கிற பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபித்துக்கொள்கிறேன். இங்கே ஆனிக் காற்று தொடங்கிவிட்டது. ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து வருகிற வேகத்தில் ஓடு பறக்கிறது, கதவு அடிக்கும்போதெல்லாம் யாரோ வந்துவிட்டார்கள் என்று எழுந்து போய்ப் பார்க்கிறேன், ஒருவரும் இருப்பதில்லை. அப்பா போன பிறகும் நீ இருந்தாய், அதனால் இந்த வீடு இத்தனை பெரியது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

உன் கடிதம் கிடைத்தது. அந்தப் பெரியவருக்கு ரத்தம் எடுக்கப் போய், நரம்பு பிடிபடாமல் இரண்டு கையிலும் குத்திவிட்டாய் என்றும், அவர் மகன் வார்டு முழுக்கக் கேட்கும்படி உன்னை ஏசினான் என்றும், சிஸ்டர் உன்னை ஊசி தொடவேண்டாம் என்று சொல்லி சீசா கழுவ விட்டுவிட்டார் என்றும் எழுதியிருக்கிறாய். கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் எடுத்துவிட்டார்கள், எனக்கு மட்டும் கை நடுங்குகிறது, வா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள் அம்மா, ரயிலேறிவிடுகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது மக்கா, அதை வாசித்ததும் எனக்கு வருத்தம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. என் பிள்ளை அழுதுகொண்டிருக்கிறது, நான் உன் கட்டிலை முற்றத்தில் இழுத்துப் போட்டு மூட்டைப்பூச்சிக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அன்னக்கிளியிடம், புள்ள வரப்போறா ஏட்டி என்று சொல்லியும் விட்டேன். சரி, வா என்று கையோடு எழுதிவிடலாம் என்று கார்டு வாங்கத் தபாலாபீசுக்குப் புறப்பட்டேன். புறப்பட்டதுதான் நினைவிருக்கிறது.

பயப்படாதே, இப்போது ஒன்றுமில்லை. அரளித் தோட்டத்து வரப்பில் தலை சுற்றி விழுந்துவிட்டேன். பூப்பறித்துக்கொண்டிருந்த அன்னக்கிளிதான் ஓடிவந்து தூக்கியிருக்கிறாள். பூக்கூடையை அப்படியே போட்டுவிட்டு என்னை பஸ்ஸில் ஏற்றி நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். உனக்குத் தந்தி அடிக்க வேண்டும் என்று நின்றாள், நான்தான் விடவில்லை.

அங்கே டாக்டரம்மா என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். எடுக்க வந்தது ஒரு சின்னப் பெண், பெயர் செல்லபாய், குலசேகரத்துக்காரி, உன்னைப்போலப் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளை. ரப்பர் குழாயைப் புஜத்தில் கட்டி, என் கையைத் தன் மடியில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தாள். குத்தினாள், வரவில்லை. இன்னொரு இடத்தில் குத்தினாள், அதிலும் வரவில்லை. அவள் நெற்றியில் வேர்த்து என் கையில் சொட்டியது. அன்னக்கிளிக்குக் கோபம் வந்து, படிக்கதுக்கு எங்க அக்கா கைதான் கெடச்சுதா உனக்கு என்று கேட்டுவிட்டாள். அந்தப் பிள்ளை முகம் செத்துப்போயிற்று. வேற ஆளக் கூப்பிடுதேம்மா என்று ஊசியை எடுத்துவைத்தாள். எனக்கு அப்போது உன் கடிதம்தான் கண்முன் நின்றது குளோரி. சென்னையில் என் பிள்ளை இப்படித்தானே நின்றிருக்கும் என்று நினைத்தேன். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் மக்கா, நீயே எடு, எனக்கு எங்கேயும் போகாண்டாம், நேரம் இருக்கு என்றேன்.

அவள் என் உள்ளங்கையை மூடித் திறக்கச் சொன்னாள். வெந்நீரில் துணி நனைத்து முழங்கை மடிப்பில் ஒற்றடம் வைத்தாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தேடினாள். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியதை உன்னிடம் அல்லாமல் யாரிடம் சொல்ல. திருநெல்வேலி ஸ்டேஷனில் உன்னைக் கட்டிப்பிடித்து அனுப்பினதற்குப் பிறகு என்னை ஒரு ஆள் இத்தனை நேரம் பொறுமையாகத் தொட்டது அதுதான். கோயிலில் எல்லாரும் கைகூப்பித் தோத்திரம் சொல்கிறார்கள், கடைக்காரன் சாமானைப் பலகையில் வைக்கிறான், யார் யாரைத் தொடுகிறார்கள். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நரம்பு கிடைக்காமல் தேடட்டும் என்றுகூட எனக்கு இருந்தது. அந்தத் தடவை ரத்தம் வந்துவிட்டது. சிரிஞ்சில் ஏறுவதைப் பார்த்து அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன், அன்னக்கிளிதான் அழுதாள்.

பஞ்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டே, எனக்கும் உன்னைப்போல ஒரு மகள் சென்னையில் இதே படிப்புத்தான் படிக்கிறாள் என்று சொன்னேன். அவள் உடனே, அந்த அக்காவுக்கு முதல்லயே கெடச்சுதா அம்மா என்று கேட்டாள். எங்க கெடச்சுது, அவளும் உன்னமாதிரி குத்திட்டு நின்னு அழுதவதான், இப்போ அவ எடுத்தா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காதாம் என்று சொல்லிவிட்டேன். வாய்கூசாமல் சொன்ன பொய். ஆனால் அந்தப் பிள்ளை முகத்தில் ஒரு தெளிவு வந்ததைப் பார்த்த பிறகு சொன்னதைத் திரும்ப எடுக்க மனசு வரவில்லை.

எனக்கு ரத்தம் ரொம்பக் குறைவாம். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார், சோறும் கறியும்தான் என்றேன். அன்னக்கிளி குறுக்கே விழுந்து, பொய்யாக்கும் டாக்டரம்மா, ஒத்தைக்கு ஒல வைக்க மனசில்லன்னு மூணு நேரமும் பழங்கஞ்சியாக்கும் என்று போட்டு உடைத்துவிட்டாள். டானிக் தந்திருக்கிறார்கள், முருங்கைக்கீரையும் ஈரலும் சாப்பிடச் சொன்னார்கள். இப்போது தினமும் மத்தியானம் அன்னக்கிளி தன் சோற்றுச் சட்டியோடு வந்து எதிரில் உட்கார்ந்துவிடுகிறாள். அவள் பார்த்துக்கொண்டிருக்க எப்படிச் சாப்பிடாமல் இருப்பது. இது வெறும் வாய்வார்த்தை இல்லை, உண்மையாகவே சாப்பிடுகிறேன்.

அதனால் வா என்று நான் எழுதவில்லை மக்கா. வராதே என்றும் எழுத எனக்குத் தைரியம் இல்லை. உன்னால் முடியவே முடியாது என்றால் வந்துவிடு, ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் எனக்காக வராதே. அதற்கு முன்னால் ஒரு காரியம் செய். அந்தப் பெரியவர் இன்னும் வார்டில் இருந்தால், ஊசி இல்லாமல் வெறும் கையோடு ஒரு தடவை அவரிடம் போ. கை வலி எப்படி இருக்கிறது தாத்தா என்று கேட்டு, குத்தின இடத்தைத் தடவிக் கொடு. மகன் ஏசினான் என்றால் அப்பாவுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் ஏசியிருப்பான், அதை மனசில் வைக்காதே. அப்புறம் சிஸ்டரிடம் போய், ஊசியைத் திரும்பத் தாருங்கள் என்று நீயே கேள்.

வருகிற மாதம் மறுபடியும் ரத்தம் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். வேற யாருக்கும் கையக் குடுத்திராதீங்கம்மா, நாந்தான் எடுப்பேன் என்று செல்லபாய் சொல்லித்தான் அனுப்பினாள். அந்த அக்கா இப்போது எப்படி எடுக்கிறாள் என்று நிச்சயம் கேட்பாள். நான் என்ன சொல்ல வேண்டும் என்று அதற்குள் எழுதிவிடு.

தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி பட்டினியாகப் படுக்காதே. கர்த்தர் உன் கைகளைத் திடப்படுத்துவாராக.

என்றும் உன்னை நினைத்திருக்கும் அம்மா,
நேசம்மாள்