வயிற்றோடு தைத்த கை

செப்டம்பர் 9
மிளகாய் காய்ந்துவிட்டது. மொட்டை மாடியில் பதினோரு நாள். காம்பு கிள்ளி, விதை தட்டி, எல்லாம் நான் ஒருத்திதான். நாளை அரைக்க கொர்பா ஊர்க் கடைத்தெரு மில்லுக்குப் போகணும். நாத்தனார் சலூஹாவும் வருகிறாளாம். போன வருஷம் நான் அரைத்த மிளகாய் விழுதை, என் ஹரிஸ்ஸாவை, தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "பூண்டு கொஞ்சம் தூக்கல் மதினி" என்றாள். எட்டுப் பேர் முன்னால். மறக்கவில்லை.

செப்டம்பர் 17, துனிஸ் ஆஸ்பத்திரி
இடது கையால் எழுதுகிறேன். பிறந்ததிலிருந்து இதுதான் என் எழுத்துக் கை. பள்ளிக்கூடம் போன மூன்று வருஷமும் மதாம் ஸினைதா கட்டையால் அடித்து அடித்து வலதுக்கு மாற்றினார். அறுபது வருஷம் ஆச்சு. பாருங்க டீச்சர், கை மறக்கவில்லை. நானும் உங்களை மறக்கவில்லை.

மில்லில் பையின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடுகிற பெல்ட் சட்டைக் கையைக் கவ்வி இழுத்தது. வலது புறங்கையில் மணிக்கட்டிலிருந்து விரல் கணு வரைக்கும் தோலே இல்லை. வெள்ளைக் கயிறு மாதிரி நரம்பு தெரிந்தது. சலூஹா பக்கத்துக் கடையிலிருந்து காபிப் பொடியை அள்ளி வந்து கொட்டினாள். ரத்தம் நிற்க எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். ஆனால் அது விரல் கீறலுக்கு. இதுவோ குழி. கால் கிலோ காபி போயிருக்கும்.

டாக்டர் யுஸ்ராவுக்கு என் பேத்தி வயசுதான் இருக்கும். "யாரும்மா இதுக்குள்ள காபி போட்டது?"

"நாத்தனார்" என்றேன்.

"ரெண்டு தடவை மயக்கம் குடுத்துக் கழுவினோம். அதுக்குள்ள சீழ் வச்சிருச்சு."

செப்டம்பர் 19
டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து தாளில் வரைந்து காட்டினாள். சும்மா தோலை வெட்டி ஒட்டினால் நரம்பின் மேல் பிடிக்காதாம். ரத்த ஓட்டத்தோடு வருகிற தோல் வேணுமாம். அடிவயிற்றில், இடுப்போரமாய் ஒரு துண்டைப் பிரிப்பார்கள். ஒரு பக்கம் வயிற்றிலேயே இருக்கும், மறு பக்கத்தைக் கையில் தைப்பார்கள். மூன்று வாரம் கை வயிற்றோடு. கை தன் ரத்தத்தை அதற்குக் கொடுக்கப் பழகினதும் அறுத்து விடுவார்கள்.

"செய்யலேன்னா?"

"நரம்பு காஞ்சுரும். விரலை நீட்ட முடியாது. சீழ் ஏறினா கையே போகலாம்."

"எனக்குப் பதினாலு ஆலிவ் மரம் இருக்கு. டிசம்பர்ல பறிக்க முடியுமா?"

"தோல் பிழைச்சா முடியும்மா."

பிழைச்சா. அந்த ஒரு வார்த்தைதான் பயம். அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. "என் வயித்துல நாலு பேர் கைக்குத் தோல் இருக்கு, தாராளமா எடுத்துக்கோ" என்றேன். சிரித்துவிட்டாள்.

செப்டம்பர் 21
தைத்தாச்சு. திருடினதை இடுப்பில் ஒளித்த மாதிரி கிடக்கிறேன்.

செப்டம்பர் 23
மகள் ரஃபீக்காவுக்கு வேலை, வெள்ளிக்கிழமைதான் வருவாள். தினமும் பஸ் ஏறி வருகிறது யார்? சலூஹா. தூக்குச்சட்டியில் மீன் சூப்பு.

"ஆ காட்டுங்க மதினி."

"நானே குடிப்பேன்."

"எந்தக் கையால?"

இடது கையால் நான் சாப்பிடமாட்டேன். நர்ஸிடமும் சொல்லிவிட்டேன். "அந்தக் கையால எழுதலாம், சாப்பிடக் கூடாதா?" என்று சலூஹா மடக்கினாள். "எழுத்து வயித்துக்குள்ள போகாதுடி" என்றேன். ஆனாலும் வாயைத் திறந்தேன். சூப்பில் உப்பு குறைவு.

காபி சங்கதியை வார்டில் ஆறு கட்டிலுக்கும் சொல்லியாச்சு. அவள் உள்ளே நுழைந்தாலே நாலாம் கட்டில்காரி, "காபிக்காரி வந்துட்டா" என்கிறாள். சலூஹா கரண்டியைத் துடைக்கிறாள்.

செப்டம்பர் 24
நர்ஸ் மணிக்கொரு தடவை தோலை அமுக்கிப் பார்க்கிறாள். வெளுக்கும். ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் சிவக்கணும். சிவக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

செப்டம்பர் 26
1989, நோன்புக்கு இரண்டு நாள் முன்னால். கோதுமை ரவையை ஆவியில் அவிக்கிற மாமியாரின் இரண்டடுக்குச் செம்புக் கூஸ்கூஸ் பாத்திரம் மூத்த மருமகளான எனக்கு வரவேண்டியது. சலூஹா துணியில் சுற்றித் தூக்கிப் போனாள். இன்று கேட்டே விட்டேன்.

"அது ஓட்டை மதினி."

"கூஸ்கூஸ் பாத்திரத்துல ஓட்டை இல்லாம ஆவி எப்படிடீ ஏறும்?"

"மேல் தட்டுல ஓட்டை சரி. இது கீழ்ச் சட்டியில. தண்ணி அடுப்புக்குப் போகும். அதான் எடுத்துட்டுப் போனேன், உங்க மானத்தைக் காப்பாத்த."

என் மானத்தையா! கையை வீசாமல் சண்டை போட எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? நானும் வீசினேன். வயிற்றில் தைத்த கையை! இரண்டு தையல் போச்சு. போர்வையெல்லாம் ரத்தம்.

செப்டம்பர் 27
ஓரம் கறுத்திருக்கு. இரண்டு விரல் அகலம். டாக்டர் சிரிக்கவில்லை. இன்னும் பரவினால் எல்லாம் முதலிலிருந்தாம். அதுவும் பிடிக்கவில்லையென்றால் — அதை எழுதமாட்டேன்.

சலூஹா சுவரைப் பார்த்து அழுதாள். "முதல்ல காபி, இப்ப பாத்திரம். இந்தக் கையைக் கெடுத்ததே நான்தான்." ஆறு கட்டிலும் கேட்டது. நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

எனக்கு எதுவும் மறக்காது. அதுதான் கஷ்டமே. மில்லில் கத்தினது யாரு? "காபி கொண்டாடி! இன்னும் போடு, அள்ளிப் போடு!" அவ "ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம் மதினி"ன்னுதான் கெஞ்சினா. "போடுடி"ன்னு நான்தான் அதட்டினேன். அந்தப் பேச்சு அப்படியே காதில் இருக்கு. பதினேழு நாளா யாரிடமும் சொல்லலை. சொல்லணுமா?

சொல்லணும்.

செப்டம்பர் 28
சொன்னேன். சலூஹா வந்து உட்கார்ந்ததும், ஆறு கட்டிலுக்கும் கேட்க.

நாலாம் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப இங்க யாரு காபிக்காரி?"

"நான்தான்."

வார்டே சிரித்தது. சலூஹா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. "நோட்டுல எழுதிட்டீங்களா மதினி?"

"எழுதிட்டேன்."

"தேதி போட்டு?"

"போட்டேன்டி. ஆனா பாத்திர விஷயம் இன்னும் முடியல."

"முடிய வேணாம்" என்று கரண்டியை நீட்டினாள். இன்று உப்பு சரி.

சாயங்காலம் டாக்டர் ஓரத்தை ஊசியால் குத்தினாள். சிவப்பாய் ரத்தம் வந்தது. நக அகலம் மட்டும் நறுக்கிப் போட்டாள். மிச்சம் உயிரோடு இருக்கு. திரும்பிப் படுக்கவும் முடியாமல், மல்லாந்தே அழுதேன்.

அக்டோபர் 10
தோல் வயிற்றோடு சேருகிற இடத்தில் ரப்பர் குழாயால் இறுக்கிக் கட்டினார்கள். அந்தப் பக்கத்து ரத்தம் நின்றாலும் கை தாங்குமா என்று பார்க்க. பத்து நிமிஷம் எல்லாரும் என் கையையே பார்த்தார்கள், பால் பொங்குகிறதா என்று பார்க்கிற மாதிரி. நிறம் மாறவில்லை.

அக்டோபர் 13
நேற்று அறுத்து விட்டார்கள். தோள் மரக்கட்டையாகிவிட்டது. புறங்கையில் பாதி ரொட்டி கவிழ்த்த மாதிரி ஒரு மேடு.

"வயித்துத் தோல்தானே, நீங்க குண்டானா இதுவும் குண்டாகும்மா" என்கிறாள் டாக்டர்.

"நோன்பு வச்சா மெலியுமா?"

"மெலியலாம். இல்லேன்னா வசந்தத்துல வாங்க, கொழுப்பை எடுத்துத் தட்டையாக்கிடலாம்."

நவம்பர் 6
வீட்டில். தினமும் நூறு தடவை விரலை நீட்டி மடக்கணும். மூன்று விரல் சொன்னபடி கேட்கிறது. சுண்டுவிரல் மட்டும் என் மாமியார் மாதிரி.

நவம்பர் 21
சுண்டுவிரலும் நீண்டது. மாமியார் கடைசி வரைக்கும் சொன்னபடி கேட்டதில்லை.

டிசம்பர் 11
காலையிலிருந்து தோப்பில். கிளையிலிருந்து ஆலிவை உருவுகிறதுக்கு விரலில் ஆட்டுக்கொம்பு மாட்டுவோமே, அதில் மூன்றை வலது கையில் மாட்டினேன். சுலபமாய் ஏறிவிட்டது. கீழ்க் கிளைகள் எனக்கு, ஏணி சலூஹாவுக்கு.

"உங்க கை பறிக்கல மதினி, உங்க வயிறு பறிக்குது. அதான் இவ்வளவு பேராசை" என்று மேலேயிருந்து கத்தினாள். ஏணியை ஒரு ஆட்டு ஆட்டினேன். கொம்பு மாட்டின கையாலதான்.

மதியத்துக்குள் எனக்கு மூன்று கூடை. அவளுக்கு இரண்டே முக்கால். இரண்டும் சமம் என்று சாதிக்கிறாள்.