மூன்று வருட வாரண்டி

மார்ச் 4, செவ்வாய்

கார் சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். இந்த மாதக் கடைசியோடு வாரண்டி முடிகிறதாம். அதற்குள் நீட்டித்துக்கொண்டால்தான் உண்டு, தாண்டினால் கிடையாது. "ஒரு வருஷம், ரெண்டு வருஷம், மூணு வருஷம்னு இருக்கு சார். உங்களுக்கு எது?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க வருகிறவர்களை உட்கார வைத்து "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்கிற பிழைப்பு எனக்கு. என்னை யாராவது கேட்டால் மட்டும் வாயடைத்துப் போகிறது.

மார்ச் 6, வியாழன்

கார் என் மனைவியுடையது. நிறம் பார்த்தது அவள், பேரம் பேசியது அவள், ஓட்டியதும் அவள்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "பாத்து, பாத்து" என்று சொல்வது என் வேலை. போன வருடம் ஏப்ரலில் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு நர்ஸாகப் போனாள். ஒப்பந்தம் இரண்டு வருடம். அப்படியானால் ஒரு வருட வாரண்டி போதும். அது முடியவும் அவள் வந்து இறங்கவும் சரியாக இருக்கும். அப்புறம் அவள் பாடு, அவள் கார் பாடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் மெயின் ரோடு வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்புகிறேன். நான் அவளைவிட ஒரு சாண் உயரம். முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. சீட்டைப் பின்னால் தள்ள அடியில் ஒரு கம்பி இருக்கிறது, தெரியும். தள்ளவில்லை. அவள் எப்படி விட்டுப்போனாளோ அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

மச்சினன் வந்திருந்தான். அவளுடைய தம்பி. உலகத்தில் எதைக் கேட்டாலும் கைவசம் பதில் வைத்திருப்பவன்.

"வாரத்துல ஒரு நாள் ஓட்டற வண்டிக்கு எதுக்கு மாமா வாரண்டி? பேசாம வித்துடுங்க. அக்கா வந்தப்புறம் புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பு என்று சொல்லவில்லை, முகத்தில் காட்டினேன். புரிந்துகொண்டான்.

மார்ச் 11, செவ்வாய்

போனில் அவளிடம் வாரண்டி விஷயம் சொன்னேன். டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள்.

"மூணு வருஷத்துக்கே போட்டுடுங்க."

சரி என்றேன். உப்பு வாங்கிவரச் சொன்னதுபோல அவள் சொல்ல, தலையாட்டினதுபோல நானும் ஒரு 'சரி'.

மூணு வருஷமா? அடுத்த வருஷம் ஏப்ரல்ல வரப்போறவளுக்கு எதுக்கு மூணு வருஷம்?

மார்ச் 12, புதன்

வேலை ஓடவில்லை. ஒருவருக்கு இடது கண் லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே திருப்பிக் கொண்டுவந்தார்.

ஒப்பந்தத்தை நீட்டிக்கிறார்களாம் என்று ஜனவரியில் ஒரு தரம் அவள் சொன்னாள். "உன் இஷ்டம்"னு பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். யார் கேட்டா என் பெருந்தன்மைய? அப்பவே முடிவு பண்ணிட்டாளா? இப்ப காரைச் சாக்கா வெச்சுச் சொல்றாளா?

மார்ச் 15, சனி

வாரண்டி நீட்டிக்கும் முன் வண்டியைப் பார்க்க வேண்டுமாம். கொண்டுபோய் விட்டேன். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, குறை எதுவும் இல்லை என்று சாவியைக் கொடுத்தான்.

ஏறி உட்கார்ந்தேன். சீட்டைப் பின்னால் தள்ளியிருக்கிறான். முதல் முறையாகக் கால் நீட்ட இடம். வசதியாக இருந்தது. அந்த வசதியைத்தான் தாங்க முடியவில்லை. கம்பியைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தேன். அவள் வைத்திருந்தது எந்த இடம் என்று தெரியவில்லை. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே - எதுவும் அது இல்லை.

அவள் வேண்டும் எனக்கு. எழுதவாவது முடிகிறதே.

மார்ச் 17, திங்கள்

மூன்று வருடத்துக்கே போட்டுவிட்டேன். அவள் கேட்டது அதுதானே.

மார்ச் 18, செவ்வாய்

சொன்னேன். போனில் அவள் நம்பாமல் திரும்பக் கேட்டாள்.

"போட்டாச்சா? மூணுக்கா?"

"நீதானே சொன்னே."

"சொன்னா? சொன்னா உடனே போய்ப் போட்டுடறதா? எதுக்குடி மூணு வருஷம், நீதான் வந்துருவியேன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா உங்களுக்கு?"

அங்கே நீட்டிப்புக்குப் பதில் கேட்டு நெருக்குகிறார்களாம். நாளைக்குள் சொல்ல வேண்டுமாம். நான் என்ன சொல்கிறேன் என்று பார்ப்பதற்காகத்தான் மூணு என்றாளாம். "நீங்க பாட்டுக்கு சரின்னுட்டீங்க. நான் இல்லாம பழகிட்டீங்கன்னு நினைச்சேன்" என்று சொல்லி அழுதாள்.

பழகறதா? நானா?

என்னென்னவோ சொல்ல நினைத்தேன். "வந்துரு" என்பது மட்டும்தான் வந்தது. கத்தியே விட்டேன் போலிருக்கிறது, எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும். இன்னொரு தரமும் சொன்னேன்.

மார்ச் 19, புதன்

வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த வருடம் ஏப்ரலில் வருகிறாள்.

மார்ச் 20, வியாழன்

காலையில் அவளிடமிருந்து ஓர் உத்தரவு. "அதை ஒரு வருஷமா மாத்த முடியுமான்னு கேளுங்க. மூணுன்னு வீட்ல ஒரு காகிதம் இருக்க வேணாம்." மூன்று இருந்தால் காருக்கு நல்லதுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். இந்தத் தடவை எனக்கே புத்தி வந்துவிட்டது, சொல்லவில்லை.

சர்வீஸ் சென்டர் பெண்ணைக் கூப்பிட்டேன். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"கூட்டித்தான் சார் எல்லாரும் கேப்பாங்க. குறைச்சுக் குடுங்கன்னு யாரும் கேட்டதே இல்ல. வண்டியை விக்கப் போறீங்களா?"

"இல்லம்மா," என்றேன். "ஓட்டறவங்க வராங்க."