டாக்டர் திங்கட்கிழமை வருவார்

மார்ச் 3, திங்கள்

அண்ணியின் தையல் மெஷின் ஓரமாகப் போய்விட்டது. அந்த இடத்தில் என் மேசை. அறையில் ஒரே ஒரு பிளக். அண்ணி தைக்கும்போது நான் பேட்டரியில் வேலை பார்க்கிறேன். வேலை பார்க்கிறேன் என்பது பேச்சுக்கு. வேலை தேடுகிற வேலையைத்தான் பார்க்கிறேன்.

ஆபீஸை விட்டு மூன்று மாதம் ஆகிறது. பத்து வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து யார் யாருக்கோ வெப்சைட் செய்து கொடுத்தேன். கடைசியாகச் செய்ததைத் தன் வேலை என்று சொல்லி மேனேஜர் கைதட்டல் வாங்கிக்கொண்டார். எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு அங்கே எப்படி இருப்பது? சொந்தமாகத் தொழில் செய்கிறேன் என்று கிளம்பினேன். வாசல் வரை வந்து சொன்னார்: “ஜூன் வரைக்கும் உன் நாற்காலிய யாருக்கும் குடுக்க மாட்டேன். வருவ.”

அந்த ‘வருவ’ இருக்கிறதே, பல் துலக்கும்போதுகூடக் காதில் கேட்கிறது.

அண்ணனிடமும் ஜூன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதற்குள் ஒரே ஒரு வாடிக்கையாளராவது கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே நாற்காலி, அதே மனிதர்.

மார்ச் 6

அடுத்த தெரு முடிவெட்டும் கடை. மூன்று பேர் காத்திருந்தார்கள், நான் நான்காவது. என் முறை வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். “எங்கிட்ட வர்றவன் தலையோட நடந்து வர்றான்மா. கம்ப்யூட்டர்ல எங்க வரப்போறான்?” என்றார். நியாயம்தான்.

மார்ச் 9, ஞாயிறு

போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி: “இதுவரைக்கும் செஞ்சதக் காட்டுங்க.” ஆபீஸில் செய்ததெல்லாம் ஆபீஸுக்குச் சொந்தம். எனக்கென்று இருப்பது என் தொழிலுக்கான சைட் ஒன்றுதான். ஜனவரியிலேயே போட்டாயிற்று. ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

அதனால் இல்லாத ஒரு கடைக்கு மாதிரி சைட் ஒன்று செய்தேன். பல் மருத்துவமனை. ஏன் பல்? வெள்ளையும் நீலமும் போட்டால் பாதி வேலை முடிந்தது.

டாக்டர், நம் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக்கை டாக்டராக்க அண்ணி தைத்துக்கொண்டிருந்த வெள்ளைக் கோட்டு உதவியது. அதற்கு ஒரு கை இன்னும் வைக்கவில்லை. ஆகவே டாக்டர் ஒரு பக்கமாகத் திரும்பி நின்று சிரிக்கிறார். “எத்தன பல்லு தெரியணும்?” என்று கேட்டான். அண்ணி சிரித்த சிரிப்பில் ஊசி எங்கேயோ விழுந்து, அதைத் தேட அரை மணி நேரம்.

படத்துக்குக் கீழே ‘வலி தெரியாது. காத்திருக்க வேண்டாம்’ என்று எழுதினேன். தொலைபேசி எண்ணுக்கு ஓர் இடம் இருந்தது. காலியாக விட்டால் பார்க்க நன்றாக இல்லை. என் எண்ணையே போட்டேன்.

பத்து வருடத்தில் நான் செய்ததிலேயே அழகானது இதுதான்.

மார்ச் 21

டிரைவிங் ஸ்கூல்காரர் மாதிரியைப் பார்த்து மயங்கிவிட்டார். “இதே மாதிரி எனக்கு ஒண்ணு செஞ்சு காட்டுங்க, பாக்கலாம்.” பார்க்கலாம் என்றால் சம்மதமா இல்லையா? சம்மதம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 4

ஒன்பது தடவை மாற்றிவிட்டேன். சிவப்பு கொஞ்சம் கம்மி. இப்போது ரொம்பக் கம்மி. கார் இடமிருந்து வலமாகப் போகட்டும். வேண்டாம், அது திரும்பிப் போகிற மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 8

“நல்லா இருக்கும்மா. ஆனா இத என் மச்சினன் சும்மாவே செஞ்சு தர்றேன்னுட்டான்.” அதோடு விட்டாரா? “உங்களப் பத்தி விசாரிக்கலாம்னு தேடிப் பாத்தேன். எதுவுமே வரல. நீங்க இருக்கீங்களா இல்லையான்னே சந்தேகமாப் போச்சு.”

தேடத் தெரியாத மனிதர். அவருக்குப் போய்ப் பதினெட்டு நாள் உழைத்தேன். வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்தேன். அண்ணி கேட்காமலே பிளக்கை எனக்கு விட்டுக் கொடுத்தார். அதுதான் இன்னும் அழுகையைக் கிளப்பியது.

ஏப்ரல் 11

போன் வந்தது. தெரியாத எண். முதல் மணியிலேயே எடுத்தேன். “வணக்கம், சொல்லுங்க” என்றேன்.

“டாக்டர் இருக்காரா?”

ராங் நம்பர்.

ஏப்ரல் 12

மறுபடி டாக்டர். இந்த முறை ஒரு பெண். கடைவாய்ப் பல், இரண்டு நாளாகத் தூக்கமில்லை. “உங்க வெப்சைட்டப் பாத்துட்டுத்தான் போன் பண்றேன்” என்றபோதுதான் உறைத்தது. மாதிரி சைட்டை இணையத் தேடலில் வராமல் தடுக்கவில்லை. செட்டிங்கில் அதற்கென்று ஒரு பெட்டி இருக்கிறது, டிக் செய்தால் போதும், யார் கண்ணிலும் படாது. மறந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் தானாகச் சொன்னது: “டாக்டர் வெளியூர் போயிருக்காருங்க. திங்கக்கிழமை வருவார்.”

ஏப்ரல் 19

இந்த வாரம் ஐந்து அழைப்பு. ஐந்தும் பல். அண்ணனிடம் சொன்னேன். “பேசாம நான் பல்லு புடுங்கவே போயிடுறேன். லிஃப்டவிடக் கூட்டம் ஜாஸ்தி போல” என்றான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “அத எடுத்துடு” என்றான்.

எடுத்துவிடுகிறேன் என்றேன்.

ஏப்ரல் 30

எடுக்கவில்லை.

ஏன் என்று எழுதியே ஆக வேண்டும், இங்கேயும் எழுதாவிட்டால் வேறு எங்கே? நாள் முழுக்க அந்தப் போன் மேசையில் செத்துக் கிடக்கிறது. அது அடிக்கிறபோது அந்த ஒரு நொடி, யாரோ என்னைத் தேடுகிறார்கள். எடுத்தால் பல்வலி. இருந்தாலும் நான் செய்த பக்கத்தைப் பார்த்து நம்பித்தானே கூப்பிடுகிறார்கள். என் வேலையை நம்பியவர்கள் இவர்கள் மட்டும்தான்.

அசிங்கமாக இருக்கிறது.

மே 8

துணி துவைக்கும் கடை, வேண்டாம். வக்கீல், சிரித்தார். பூச்செடி விற்கிறவர், யோசித்துச் சொல்கிறாராம். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, யோசிக்க மாட்டார்.

மே 16, வெள்ளி

பூட்டு சாவிக் கடை வைத்திருக்கும் ஒருவர் அழைத்தார். வயதான குரல். “எப்பேர்ப்பட்ட பூட்டையும் தொறந்துடுவேன்மா. என் வாயத் தொறக்கத்தான் பயம். உங்க டாக்டர் படத்தப் பாத்தேன். அந்த மொகத்தப் பாத்தா வலிக்காமப் புடுங்குவார்னு தோணுது.”

திங்கட்கிழமை வருவார் என்றேன்.

மே 19, திங்கள்

காலை ஒன்பது மணிக்கே சாவிக் கடைக்காரர். “வந்துட்டாரா?”

இன்னும் வரவில்லை என்றேன். இன்னும் ஓரிரு நாள் ஆகும், வலி அதிகமானால் வேறு டாக்டரிடம் காட்டுங்கள் என்றும் சொன்னேன். “வேற ஆள் வேணாம்மா. இவர்தான்” என்றார்.

மே 21

மறுபடி சாவிக் கடைக்காரர். குரல் குழறுகிறது. வேறு டாக்டரிடம் போங்கள் என்று கெஞ்சினேன். அப்போதாவது ‘டாக்டரே இல்லை’ என்ற இரண்டு வார்த்தை வந்ததா? வரவில்லை. மூன்று தடவை பொய் சொன்ன பிறகு உண்மையை எந்த முகத்தோடு சொல்வது?

மே 24, சனி

சாவிக் கடைக்காரரின் மனைவி அழைத்தார். தாடையெல்லாம் வீங்கி, காய்ச்சல் ஏறி, நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். வாயைத் திறக்க முடியவில்லையாம். “உங்க டாக்டருக்காகத்தாம்மா ஒரு வாரமா உக்காந்திருந்தாரு.”

என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன் நான். ஒரு மனுஷன் வலிய வெச்சுக்கிட்டுக் காத்திருக்கான், நான் இங்க போன் அடிக்குதேன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு — ச்சே.

மே 25, ஞாயிறு

போனேன். அண்ணனும் வருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். டாக்டர் முகத்தை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேறு வேண்டுமா?

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாடையைச் சுற்றிக் கட்டு. இரண்டு கையிலும் இரும்புத்தூள் ஏறிக் கறுத்த விரல்கள். பக்கத்தில் இருந்த அந்த அம்மாதான் கேட்டார்.

“போன்ல பேசுற பொண்ணா நீ? டாக்டர் வந்துட்டாரா?”

“டாக்டரே இல்லைங்க. அந்த ஆஸ்பத்திரியே இல்ல. அது ஒரு மாதிரிங்க.”

“மாதிரின்னா?”

சொன்னேன். வேலை தேடுவதற்காகச் செய்து காட்டியது, மறைக்க மறந்துவிட்டேன், பிறகு தெரிந்தும் எடுக்கவில்லை, எல்லாவற்றையும். அந்த அம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

“காத்திருக்க வேண்டாம்னு அதுல எழுதியிருந்துச்சே. அதுவும் நீ எழுதுனதுதானா?”

“ஆமாங்க.”

“வீங்க ஆரம்பிச்சப்பவே வேற எடத்துக்குப் போலாம்னேன். அந்தப் பொண்ணு வருவார்னு சொல்லியிருக்கு, வாக்கு மாறக் கூடாதுன்னாரு. நீ யாரு, எங்க இருக்கன்னுகூட எங்களுக்குத் தெரியாது.”

அவர் கையை நீட்டினார். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எதையோ எழுதிக் காட்டினார். ‘படத்துல இருக்கறது யாரு?’

“எங்க அண்ணன்ங்க. லிஃப்ட் ரிப்பேர் பண்றவர்.”

அவருடைய தோள் குலுங்கியது. சிரிப்பா, வலியா, தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த அம்மா, “நீ கெளம்பு” என்றார்.

மே 26

மாதிரியை எடுக்க உட்கார்ந்தேன். எடுப்பதற்கு முன்னால் அந்தப் பெட்டி எப்படி விட்டுப்போனது என்று பார்க்கப் போனேன். இரண்டு சைட்டும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. மாதிரியில் டிக் இல்லை, தெரிந்ததுதான்.

என்னுடையதில் டிக் இருந்தது.

ஜனவரியில் செய்துகொண்டிருந்தபோது, அரைகுறையை யாரும் பார்க்க வேண்டாமே என்று நானே வைத்த டிக். முடிந்ததும் எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. ஐந்து மாதம். நான் எப்போதும் முகவரியை அடித்தே திறப்பேன். என்னை நானே ஒரு தடவைகூடத் தேடிப் பார்க்கவில்லை. டிரைவிங் ஸ்கூல்காரருக்குத் தேடத் தெரியாது என்று எழுதி வைத்திருக்கிறேன், ஏப்ரல் எட்டாம் தேதி.

இல்லாத டாக்டரை ஊருக்கெல்லாம் காட்டிவிட்டு, இருக்கிற என்னைக் குடத்துக்குள் விளக்காக மூடி வைத்திருக்கிறேன். பத்து வருட அனுபவம்! இந்தத் தொழிலில் முதல் நாள் சேருகிறவருக்குச் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

டிக்கை எடுத்தேன். மாதிரியை அழித்தேன். ஜூனுக்கு இன்னும் ஆறு நாள். ஆறு நாளில் யார் வரப்போகிறார்கள்?

மே 31

யாரும் வரவில்லை.

ஜூன் 2, திங்கள்

அதே நாற்காலி. முதுகுப் பக்கத்து ஸ்க்ரூ இன்னும் ஆடுகிறது. மேனேஜர் ஒரு காகிதத்தை நீட்டினார். இங்கே இருக்கும்வரை வெளி வேலை எதுவும் எடுக்க மாட்டேன் என்று கையெழுத்து. போட்டேன். டிக் செய்யவும் ஒரு பெட்டி இருந்தது. செய்தேன்.

ஜூன் 5

அண்ணியின் மெஷின் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. என் மேசையைச் சுவரோடு மடக்கி வைத்திருக்கிறார்கள். சாப்பிட்டோம்.

ஜூன் 17

வேலை.

ஜூன் 26, வியாழன்

மத்தியானம் மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, இந்த நீலம் வேண்டாம், அந்த நீலம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. தெரியாத எண் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

“சாவிக் கடைம்மா” என்றது குரல். இப்போது தெளிவாக இருந்தது. “ரெண்டு பல்லு போச்சு. மிச்சமெல்லாம் பத்திரமா இருக்கு.”

மேனேஜர் நகரவில்லை.

“எங்க வீட்டம்மாவுக்கு இன்னும் கோபம்தான். நான் யோசிச்சுப் பாத்தேன். இல்லாத ஒரு டாக்டருக்காக என்னைய ஒரு வாரம் உக்கார வெச்சிருச்சு அந்த வெப்சைட். என் கடை நெஜமாவே இருக்கு, நாப்பது வருஷமா. ஒருத்தனுக்கும் தெரியல. அந்த வெப்சைட் பண்ற பொண்ணு கிட்டப் பேசணும்.”

பின்னால் மேனேஜரின் மூச்சு கேட்டது. கையெழுத்துப் போட்ட காகிதம் அவருடைய டிராயரில் இருக்கிறது. வாய் பழைய வழியிலேயே போயிற்று.

“அவங்க வெளியூர் போயிருக்காங்கங்க.”

என் குரலை அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

“அப்படியா” என்றார். “எப்ப வருவாங்க?”

நீலம் திரையில் காத்திருந்தது. “சனிக்கிழமை” என்றேன், ஆபீஸ் விடுமுறை நாள்.

“நெஜமா வருவாங்களாம்மா?”

அதைக் கேட்க இந்த உலகத்தில் யாருக்காவது உரிமை இருக்கிறதென்றால் அவருக்குத்தான். வருவார்கள் என்று சொன்னேன். நாளை மறுநாள் சனிக்கிழமை.