சூடு காட்டாத கைப்பிடி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் வாலில்லாக் குரங்கு வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

இங்கே தொழிற்சாலையில் இடுக்கியின் கைப்பிடிகளைச் சூடாக்கி, ரப்பர் குழம்பில் முக்கி எடுக்கிறோம். சூடாக்காவிட்டால் உறை ஒட்டாது, காலுறைபோல் கழன்றுவிடும். பக்கத்து மேசை அண்ணன் முழிக்கட்டும் என்று, அவர் முக்குவதற்கு வைத்திருந்த தட்டில் சூடாக்காத இடுக்கி ஒன்றைச் செருகிவைத்தேன். அவரும் முக்கிவிட்டார்; சோதிக்க இழுத்த மேலாளர் கையோடு அதன் உறை கழன்று வந்தது.

“இருபது வருஷமா இதைத்தான் கத்துக்கிட்டீங்களா? நாளைலேருந்து வராதீங்க!” என்று பாய்ந்தார்.

“சூடு பார்க்காம முக்கிட்டேன் போல, சார்,” என்றார் அண்ணன்.

சிரிக்கத் தயாராக இருந்த என் வாய் ஒட்டிக்கொண்டது.

உன்னிடம் சொல்லிவிட்டால் மேலாளரிடம் சொல்லத் தைரியம் வருமென்றுதான் எழுதுகிறேன். என் வேலை போனால் அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல். பதிலில் நன்றாகத் திட்டு. இங்கே உரிமையோடு திட்ட ஆளில்லை.

அண்ணன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். ஓடுகிறேன், அம்மா.